சுண்டுவிரல் அளவு இடம்

அத்தியாயம் 7

ஒற்றை முடிக்காக ஒரு குடித்தனம் இரண்டாகப் போகிறது என்று யாராவது சொன்னால் ஆண்ட்ரூவுக்குச் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. அந்த முடியைப் பற்றி முதலில் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னது அவர் இல்லை, அவருடைய உதவியாளர் லீனா. அதுதான் காரணம்.

கார் சித்தூரைத் தாண்டித் திருப்பதி சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ ஓட்டினார். பக்கத்து இருக்கையில் லீனா மடியில் ஒரு காமிரா டப்பாவை வைத்துக்கொண்டு, தபால் உறையிலிருந்து அந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள், ஒரு கை நீளம் வந்தது. ஒரு முனையை விட்டாள். சட்டென்று சுருண்டு சின்னச் சின்ன வளையமாகிவிட்டது.

“சார், இது இன்னா முடியா, ஸ்ப்ரிங்கா?”

“யாரோ சுருட்டை முடிக்காரி. இதுல என்ன இருக்கு?”

“நானும் சுருட்டை முடிக்காரிதான் சார். என் தலையப் பாருங்க. ஒண்ணு கிழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது. இது பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி ஒரே அளவுல வரிசையா நிக்குது. பொறவியிலயே சுருட்டையான முடி இப்படிச் சுருளாது.”

ஆண்ட்ரூ, ‘அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்’ என்பது போலத் தலையை ஆட்டினார். சொல்ல வந்திருக்கவில்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்துப் பழுத்த மனிதர். துப்பறியும் அலுவலகம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. பலகையில் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் போன் செய்கிறவர்கள், “லீனா மேடம் கீறாங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். அதைப் பொறாமை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ‘நிர்வாகப் பிரச்சினை’ என்று பெயர் வைத்திருந்தார்.

காலை பத்து மணிக்கு அலுவலகப் படியேறி வந்த ரூபாவும் அப்படித்தான் செய்தாள். ஆண்ட்ரூவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு லீனாவின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். இருபத்தேழு வயது இருக்கும். தலையைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தாய்வீடு பிச்சாட்டூர். புருஷனோடு குடியிருப்பது ரேணிகுண்டாவில். புருஷன் பெயர் சாம், சித்தூர் மிஷன் தெருவில் உபதேசியார் வீட்டுப் பிள்ளை. தனியார் காண்டிராக்டரிடம் டைவர் வேலை. ஏரி மதகுகளின் கதவைத் தண்ணீருக்குள் முங்கிப் பார்த்து, படம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“தை மாசம் ஒரு மாசம் டிரெய்னிங்குன்னு விசாகப்பட்டணம் போனாரு. எனக்குத் தூக்கமே இல்ல. தண்ணிக்குள்ள போறவரு திரும்பி வரணும்னு மலைக்கு வேண்டிக்கினு, எங்க அண்ணனக் கூட்டிக்கினு போய் முடி குடுத்துட்டு வந்தேன். பொம்பளைங்க மூணு கத்திரி குடுத்தாப் போதும்னாங்க. நான்தான் முழுசா மொட்டை போடுங்கன்னேன். இடுப்புக்குக் கீழ வரிக்கும் இருந்திச்சு மேடம்.”

அவள் துப்பட்டாவை லேசாக விலக்கினாள். அரை விரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது.

அதற்கப்புறம் குறைகளின் பட்டியல் வந்தது. கிறிஸ்தவனாக இருந்தும் ‘ஏன் மொட்டை போட்டுக்கொண்டாய்’ என்று புருஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சீப்பில் வந்ததையெல்லாம் விரலில் சுற்றி இரண்டு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் அவள் சேர்த்து வைத்திருந்த முடியைக்கூட, தெருவில் முடி வாங்க வந்த முடிக்காரனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் மொள்ள ஒரு பிளாஸ்டிக் மக்கு வாங்கி வைத்திருக்கிறான். அறுபத்தைந்து ரூபாய்ச் சீட்டுகூடக் கிழிக்காத மக்கு. மீன் குழம்பு வைத்தால் பேசாமல் சாப்பிடுகிறான். முங்குவதற்குக் காமிரா வாங்கப் போகிறேன் என்று மூன்று சனிக்கிழமை திருப்பதிக்குப் போனான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவழியாக வாங்கினான்.

“போன வியாழக்கிழமை பிச்சாட்டூர் ஏரில முங்கும்போது அது உள்ளுக்குள்ள தண்ணி பூந்து செத்துப் போச்சு. அரிசி டப்பால போட்டா காயுமேன்னு நான்தான் அது இருந்த பிளாஸ்டிக் பெட்டியத் தொறந்தேன். ரப்பர் வளையத்துல இந்த முடி மாட்டிக்கினு இருந்திச்சு. கை நீளம்! என் தலையில இது இருந்திருக்கவே முடியாது. அப்புறம் அந்தக் கார்டப் போட்டுப் பாத்தா மொதப் படமே ஒரு பொண்ணு. கடைல வேல செய்யறவ. இவ்ளோ பெரிய ஜடை.”

“கேட்டீங்களா?” என்றாள் லீனா, அவள் நீட்டிய கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே.

“கேட்டேன். ஒரு பொய்யாவது சொல்லியிருந்தா நம்பித் தொலச்சிருப்பேன். வாயே தொறக்கல. சோத்தத் துன்னுட்டுப் போய்ப் படுத்துட்டாரு.” ரூபா துப்பட்டாவை மறுபடி இறுக்கிக்கொண்டாள். “சாயந்திரம் நாலு மணிக்கு எங்க அண்ணன் வண்டி எடுத்துக்கினு வருது. என் சாமான ஏத்திக்கினு போய்டுவேன். அதுக்குள்ள இந்த முடி யாருதுன்னு மட்டும் சொல்லுங்க. அவ தலைய நான் ஒரு தடவ பாத்துட்டாப் போதும்.”

சொல்லும்போது அவள் கை தானாகத் தன் தலைக்குப் போயிற்று. தான் கொடுத்துவிட்டு வந்ததை இன்னொருத்தி தலையில் வைத்துக்கொண்டு திரிகிறாள் என்ற அவள் எரிச்சலின் சூடு ஆண்ட்ரூவின் மேலும் அடித்தது.

இப்போது மணி பன்னிரண்டு.

கடை திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் படத்தில் பார்த்தவர்களுக்கு நேரில் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. தோள்வழியே முன்னால் விழுந்த ஜடை கவுண்டர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பத்மினி என்று தெலுங்கில் எழுதியிருந்தது.

“செப்பண்டி சார், ஏம் காவாலி?”

“தண்ணிக்குள்ள படம் எடுக்க ஒரு சின்ன காமிரா வேணும்மா,” என்றார் ஆண்ட்ரூ.

பத்மினி உடனே தமிழுக்குத் தாவினாள். “யாருக்கு சார்?”

“சாருக்குத்தான்,” என்றாள் லீனா. “கடலுக்குள்ள முங்கப் போறாரு. மிதக்கறதுக்குக் கவலயே இல்ல. முங்கறதுதான் எப்படின்னு யோசிச்சிக்கினு கீறோம்.”

ஆண்ட்ரூ வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

“மொதல்ல காமிராவப் பாக்காதீங்க சார். ஆழத்தச் சொல்லுங்க,” என்றாள் பத்மினி. இரண்டு காமிராக்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “இது தனியாவே பதினஞ்சு மீட்டர் தாங்கும். அப்படியே கைல புடிச்சிக்கினு எறங்கிடலாம். அது சாதாக் காமிரா. தண்ணி பட்டாச் செத்துடும். ஆனா இந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டா நாப்பது மீட்டர் வரிக்கும் போவும். வெலையும் ஜாஸ்தி, கைக்குப் பாரமும் ஜாஸ்தி.”

“ஏரித் தண்ணின்னா?”

“கலங்கல்ல ஜூம் பிரயோஜனம் இல்ல சார். அகலமா எடுக்கற லென்ஸ் வேணும், பொருளுக்கு ஒரு மொழம் கிட்டப் போயிடணும். பிளாஷ் போட்டீங்கன்னா தூசிதான் மின்னும். கீழ போகப் போக செவப்புக் கலரே இருக்காது, எல்லாம் பச்சையாயிடும். அதச் சரி பண்ண ஒரு செட்டிங் கீதான்னு பாக்கணும். கிளவுஸ் போட்டுக்கினு அழுத்தறதுக்குப் பட்டன் பெருசா இருக்கணும். நீச்சல் தெரியாதவங்ககூட இதத் தெரிஞ்சிக்கினுதான் வாங்கணும்.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது சார்.”

ஆண்ட்ரூ அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். அவருடைய கணக்கு எளிமையானது. இந்த ஜடைக்காரி பெட்டியைக் குனிந்து திறக்கும்போது ஒரு முடியாவது விழும். விழுந்தால் வழக்கு முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் துப்புத் துலங்கிவிடும், அதுவும் லீனாவின் உதவி இல்லாமல்.

பத்மினி டிராயரைத் திறந்தாள். பெண்கள் குளிக்கும்போது போடுகிற ரப்பர் தொப்பி ஒன்றை எடுத்தாள். ஜடையைச் சுருட்டி உச்சியில் வைத்துத் தொப்பியை இழுத்து மாட்டினாள். காதோரத்தில் நின்ற இரண்டு முடியையும் விரலால் உள்ளே தள்ளினாள். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

“இது எதுக்கு?” ஆண்ட்ரூவின் குரல் சற்று இறங்கிவிட்டது.

“இந்த ரப்பர் வளையந்தான் சார் எல்லாம். இதுல ஒரு மணல், ஒரு நூலு, ஒரு முடி மாட்டினாப் போதும். தண்ணி அது வழியா நடந்து உள்ள வந்துடும். ஜடை இருக்கறவ தொப்பி போடாம பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னு எங்க ஓனரோட ரூல்ஸ்.” மூலையில் இருந்த நீல வாளியைக் காட்டினாள். “பில் போடறதுக்கு முன்னாடி, காமிரா இல்லாம வெறும் பெட்டிக்குள்ள டிஷ்யூ பேப்பர் வெச்சு ஒரு மணி நேரம் வாளில அமுக்கி வெப்போம். பேப்பர் காஞ்சிருந்தாத்தான் பெட்டி வீட்டுக்குப் போவும்.”

“எல்லாப் பெட்டிக்குமா?”

“எல்லாத்துக்கும். வாங்கறவங்க எதிர்லயே.”

லீனா அவர் காதருகே வந்தாள். “உங்க குற்றவாளி தொப்பி போட்டுக்கினு தப்பிச்சிட்டா சார்.”

ஆண்ட்ரூ அவளைக் கவனிக்காதது போலப் பையிலிருந்து ரூபா கொடுத்த பில்லை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இனி வேஷம் எதற்கு?

பில்லைப் பார்த்ததும் பத்மினி சிரித்துவிட்டாள். “சாம் சாரா! அந்தக் காமிராக்கு இன்னா ஆச்சு?”

“முழுகிடிச்சு. அந்த ஆளு எப்படி?”

“எப்படின்னா?” பத்மினி தொப்பியைக் கழற்றினாள். “மூணு சனிக்கிழமை வந்தாரு சார். வாயத் தொறந்தா ‘எங்க ரூபா’. எங்க ரூபா மீன் கொழம்பு வெச்சா நாலு வீட்டுக்கு மணக்கும், எங்க ரூபாக்குத் தண்ணின்னா பயம், எங்க ரூபா அப்படி, எங்க ரூபா இப்படி. எனக்கும் வீட்டுக்காரர்னு ஒருத்தர் கீறாரு. ஏய்னு கூப்பிடுவாரு. என் பேரு அவருக்கு ஞாபகம் கீதான்னே எனக்குச் சந்தேகம். நெஜமாச் சொல்றேன், மொகத்தப் பாக்காத அந்தப் பொண்ணு மேல எனக்குப் பொறாமயா வந்திச்சு.”

ரேணிகுண்டாவில் ஒருத்தி இவள் ஜடையை நினைத்து வயிறெரிந்துகொண்டிருக்க, இங்கே இவள் அவள் பெயரை நினைத்து வயிறெரிந்துகொண்டிருக்கிறாள். ஆண்ட்ரூவுக்கு ஊரே தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று சற்று ஆறுதலாக இருந்தது.

“மொதப் படத்துல நீங்க கீறீங்களே?” என்றாள் லீனா.

“டெஸ்ட்டுக்கு ஏதாவது எடுங்கன்னேன். ஜடையக் குறி வெச்சு எடுத்தாரு. எடுத்துட்டு, ‘எங்க வீட்லயும் இதே நீளம் இருந்திச்சு மேடம்’னாரு. அப்போ அவரு மூஞ்சியப் பாக்கணுமே, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி.”

ஆண்ட்ரூ இரண்டு காமிராக்களையும் மறுபடி பார்த்தார். ஏதோ ஒன்று இடித்தது. எரிந்த கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது எரிந்தது என்று கேட்கமாட்டார். எதை ஏன் வாங்கி வைத்தாய் என்றுதான் முதலில் கேட்பார்.

“நீங்க அவருக்கு எதச் சொன்னீங்க?”

“இந்தப் பதினஞ்சு மீட்டர் காமிராவத்தான் சார். அவரு எறங்கறது எட்டு மீட்டர், மிஞ்சினா ஒம்பது. நாப்பது மீட்டர் பெட்டி அவருக்கு எதுக்கு? மூணு வாரமும் அதத்தான் சொன்னேன். கேக்கல. பெட்டி போட்டதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு.”

“ஏன்?”

“அது தெரியாது. ஆனா இங்க நாலு மாடல் பெட்டி கீது. ஒவ்வொண்ணுலயும் காமிராவ உள்ள வெக்கச் சொல்லி, மிச்சம் இருக்கற சந்துல சுண்டுவெரல விட்டு விட்டுப் பாத்தாரு. இந்த மாடல்ல வெரல் உள்ள போச்சு. ‘இவ்ளோ எடம் போதும்’னு சொல்லிச் சட்டுனு பில் போடச் சொல்லிட்டாரு.”

“அந்தச் சந்து எதுக்கு இருக்கு?”

“ஈரம் உறிஞ்சற பாக்கெட் வெக்கறதுக்கு சார். இல்லன்னா தண்ணில எறங்கினதும் பெட்டிக் கண்ணாடி உள்ளுக்குள்ள வேர்த்துக்கும். படம் மங்கலாயிடும். டப்பாலயே ரெண்டு பாக்கெட் போட்டுக் குடுத்தேன்.”

ஆண்ட்ரூ லீனாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கவிழ்த்தார். கையேடு, வார், அப்புறம் பிரிக்காத உறைக்குள் பிரிக்காத இரண்டு பாக்கெட்டுகள்.

“லீனா, அந்தக் கார்டுல இருந்த ஏரிப் படங்கள்லாம் எப்படி இருந்திச்சு?”

“நடுவுல பால் கொட்டின மாதிரி…” லீனா நிறுத்திவிட்டாள்.

அவள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி ஆண்ட்ரூ பார்த்ததே இல்லை. அந்த அரை நிமிஷ அமைதியை அவர் ஆசைதீர அனுபவித்தார்.

“ஒம்பது மீட்டர் முங்கறவன் நாப்பது மீட்டர் பெட்டி வாங்கினது ஆழத்துக்காக இல்ல. சந்துக்காக. அந்தச் சந்துல பாக்கெட் இல்ல. வேற ஏதோ குடியிருந்திருக்கு. அதனாலதான் கண்ணாடி வேர்த்துச்சு. அதுல இருந்துதான் அந்த முடியும் வந்து வளையத்துல மாட்டியிருக்கு.”

“சூப்பர் சார்,” என்றாள் லீனா மனசார. அதை அவள் கிண்டலாகச் சொல்லியிருக்கலாம். மனசாரச் சொன்னதுதான் ஆண்ட்ரூவுக்குச் சங்கடமாக இருந்தது.

ரேணிகுண்டாவுக்கு வண்டி திரும்பியபோது மணி மூன்றேகால். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“நாலு மணிக்குள்ள போய்டுவோமா சார்?”

“போகணும்.”

லீனா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை கோதினாள். சீப்போடு வந்த நாலு முடியை உருவி, ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றி, ஜன்னல் வழியே போடப் போனாள். போடவில்லை. தபால் உறையில் இருந்த முடியைப் போலவே விரல் அளவுக்கு வளையம் வளையமாக நின்ற அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதே கணத்தில் ஆண்ட்ரூவும் பார்த்துவிட்டார். ஆனால் வாயை முதலில் திறந்தது லீனா.

“மக்கு!” என்றாள்.

“யாரைச் சொல்றே?”

“உங்கள இல்ல சார். பிளாஸ்டிக் மக்கு!”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மினி லாரி வாசலில் வந்து நின்றிருந்தது. ரூபாவின் அண்ணன் தங்கவேலு பீரோவைக் கயிறு கட்டி முதுகு கொடுத்துக்கொண்டிருந்தான். மிக்சி, தலையணை, இரண்டு குடம் எல்லாம் ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டிருந்தன. ரூபா உள்ளறையில் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சாம் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அகன்ற தோளும் குழந்தை முகமுமாக ஓர் ஆள். தன் வீடு காலியாவதை சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூபா ஓடிவந்தாள். “யாரு சார் அவ?”

“அந்த மக்க ஒரு நிமிஷம் கொண்டாம்மா,” என்றார் ஆண்ட்ரூ.

குளியலறையிலிருந்து மக்கு வந்தது. பச்சை மக்கு, அடியில் விலைச்சீட்டு. ஆண்ட்ரூ அதைச் சாமின் முன்னால் நீட்டினார்.

“தம்பி, இருபது வருஷம் பொய் சொல்றவங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன். மூட்டையத் தூக்கிக்கினு தெருத்தெருவாச் சுத்தற முடிக்காரன் விலைச்சீட்டு ஒட்டின மக்கு தரமாட்டான். இத நீ கடைல வாங்கினே. அப்போ அந்த முடி முடிக்காரன்கிட்டப் போவல. பெட்டில அந்தச் சந்துல இருந்தத எடுத்துக்கினு வா.”

சாம் அவரைப் பார்த்தான். ரூபாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டே எழுந்து போய், முங்கும்போது போடுகிற கண்ணாடியின் டப்பாவைக் கொண்டுவந்தான். காமிரா செத்த அன்றே ஏரிக்கரையில் பெட்டியிலிருந்து எடுத்து அதில் ஒளித்து வைத்திருக்கிறான். உள்ளே, நகைக்கடையில் தோடு போட்டுக் கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் சுண்டுவிரல் பருமனில் அமுக்கிச் சுருட்டிய கறுப்பு முடி. எவ்வளவு அமுக்கியும் ஒரே ஒரு முடி உறையின் வாய் வழியே வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ரூபா அதைப் பிடுங்கினாள். “யாருது இது?”

“உன்னுதுதான்.”

“என்னுதா?”

“சீப்புல சேத்து வெச்சியே. கதவுக்குப் பின்னாடி.” சாமுக்கு ஒருவழியாக வாய் திறந்தது. திறந்தபின் மூடவில்லை. “இந்த ரேணிகுண்டா ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜ்ல நீ முன்னாடி போய்க்கினு இருந்தே. உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. ஜடையத்தான் பாத்தேன். அது பின்னாடியே நாலாவது பிளாட்பாரம் வரிக்கும் வந்துட்டேன். என் ரயில் ஒண்ணாவதுல நின்னுக்கினு கீது. அந்த முடிய என்ன ஒரு வார்த்த கேக்காம மலைக்குக் குடுத்துட்டே. எனக்காகத்தான் குடுத்தே. தெரியும். ஆனா எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. மனுசன் மேல பொறாமப்பட்டா அடிச்சாவது ஆத்திக்கலாம். சாமி மேல பொறாமப்பட்டா நான் எங்க போய்ச் சொல்றது? அதுவும் உபதேசியார் புள்ள!”

வாசலில் தங்கவேலு பீரோவை முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“கழுத்துல கைல எதையும் கட்டிக்கினு எறங்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. எனக்கும் தாயத்து கட்டிப் பழக்கம் இல்ல, எங்கம்மா பாத்தா செத்துடும். காமிரா ஒண்ணுதான் என்கூட அடி வரிக்கும் வரும். கடைல பெட்டியே வேணாத பதினஞ்சு மீட்டர் காமிராவத்தான் வாங்கச் சொன்னாங்க, நான்தான் எடம் இருக்கற பெட்டியாத் தேடினேன்.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?” என்றாள் ரூபா. ஐந்து நாளாக அவள் யார் முடியின் மீது நெருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தாளோ, அந்த முடி அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. ஒரு விநாடி அவள் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் வந்தன. அடுத்த விநாடியே பயம் வந்துவிட்டது. “ஐயோ, சாமிக்குன்னு வேண்டிக்கினதுல மிச்சம் புடிச்சிட்டியா? அதான் காமிரா முழுகிச்சு! அடுத்தது நீதான் முழுகுவே! இனிமே தண்ணில எறங்காதே. வேலையே வேணாம். நான் உட மாட்டேன்!”

சாம் ஆண்ட்ரூவைப் பார்த்துக் கையை விரித்தான். “இதுக்குத்தான் சார் நான் வாயே தொறக்கல.”

ஆண்ட்ரூவிடம் இதற்கு மருந்து இல்லை. கயிறு, விலைச்சீட்டு, பெட்டி எதுவாக இருந்தாலும் பேசியிருப்பார். இது வேண்டுதல். அவர் ஞானஸ்நானம் பெற்ற சபையில் இதற்குப் பாடமும் இல்லை. மணி நாலு அடித்துவிட்டது.

“அக்கா,” என்றாள் லீனா. “மலைல இன்னா சொல்லி வேண்டிக்கினீங்க? அப்படியே சொல்லுங்க.”

“என் தலைல இருக்கற முடி அம்புட்டும் தர்றேன்னு.”

“தந்தீங்களா?”

“ஒண்ணு விடாம.”

“அப்புறம் இன்னா? இது தலைல இருந்ததா, சீப்புல வந்ததா? ரெண்டு வருஷமாக் கதவுக்குப் பின்னாடி தொங்கிக்கினு இருந்திச்சே, சாமி ஒரு நாளாவது ஆளனுப்பிக் கேட்டாரா? தெருவுல போற முடிக்காரனுக்குக் குடுத்து நீங்களே பாத்திரம் வாங்கியிருப்பீங்க. அப்போ தோஷம் இல்ல. கட்டினவரு எடுத்துக்கினாத் தோஷமா? அவராவது நாணயமான மனுசன். சும்மா எடுக்கல, பதிலுக்குக் கடைல மக்கு வாங்கி வெச்சிட்டாரு.”

ரூபா யோசித்தாள். உறையைப் பார்த்தாள். மக்கைப் பார்த்தாள். வாயோரத்தில் சிரிப்பு வரப்போகிறதா அழுகை வரப்போகிறதா என்று தெரியாமல் ஏதோ ஒன்று நெளிந்தது.

இந்த வாதம் தன் வாயில் வரவில்லையே என்று ஆண்ட்ரூவுக்குச் சுருக்கென்றது. இது நிர்வாகப் பிரச்சினை இல்லை, சுத்தமான பொறாமைதான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் கொஞ்சம் லேசாக இருந்தது.

ரூபா தலையிலிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். சாமின் கையைப் பிடித்து இழுத்து, அரை விரல் உயரத்துக்கு நின்ற தன் முடியின் மேல் வைத்தாள்.

“அங்க குடுத்தது குடுத்ததுதான். இனிமே மொளைக்கறது உனக்கு. இடுப்பு வரிக்கும் வந்தாலும் உனக்குத்தான். பதிலுக்கு மக்கு வேணாம்.”

சாம் கையை எடுக்கவில்லை.

“யம்மா தங்கச்சி,” என்றான் தங்கவேலு வாசலிலிருந்து, மூச்சு வாங்க. “பீரோவ ஏத்தறதா, எறக்கறதா? ஒண்ணு சொல்லு, முதுகு ஒடியுது.”

“எறக்குண்ணா.”

தங்கவேலு முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். லீனா ஓடிப்போய்த் தலையணைகளை வாங்கிக்கொண்டாள். சாம் செத்த காமிராவை எடுத்துத் துடைத்தான்.

“வேற காமிரா வாங்கணுமே ரூபா.”

“அந்தப் பதினஞ்சு மீட்டர் காமிராவ வாங்கு. பெட்டியும் வேணாம், சந்தும் வேணாம்.”

“சரி. சனிக்கிழமை போய் வாங்கிக்கினு வந்துடறேன்.”

ரூபா துப்பட்டாவை மறுபடி தலையில் போட்டு, முன்னைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள்.

“நீ தனியாப் போவ வேணாம்,” என்றாள். “நானும் வர்றேன். அந்த ஜடைய நான் ஒரு தடவ நேர்ல பாக்கணும்.”